கால்வாய்க்கரையில் 25 கிலோமீட்டர் தாண்டினால் விரல் மரத்துப் போகிறது: டயரை மாற்றவா, ஃபோர்க்கை மாற்றவா?

கரைவழி எழுதியது:

கிராவல் சைக்கிள் (ஜல்லி, மண் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) வாங்கி நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் பத்து வருடம் தார்ச்சாலை சைக்கிள்தான், 28 மிமீ டயர், வேறெதுவும் தெரியாது. இப்போது வாரம் ஒரு தடவை 60 கிலோமீட்டர் சுற்று ஒன்று போகிறேன். முதல் 35 கால்வாய்க்கரை, நன்றாக அமுங்கிய பொடிஜல்லி. அப்புறம் காட்டுக்குள் 15 கிலோமீட்டர், மரம் ஏற்றும் லாரிகள் போட்ட இரட்டைத்தடம், நடுவில் புல். மிச்சம் மறுபடி கரை. மேடு என்று சொல்ல எதுவும் இல்லை, மொத்தச் சுற்றுக்கும் 80 மீட்டர் ஏறினால் அதிகம்.

அதனால்தான் குழப்பம். சமதரையில் இவ்வளவு வலிக்குமா? ஏறக்குறைய 25வது கிலோமீட்டரில் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. கையை உதறினால் சரியாகும், இரண்டு நிமிடத்தில் மறுபடி அதே கதை. 40க்கு மேல் உட்காரும் எலும்பு நேராக இரும்பில் உட்கார்ந்தது போல் இருக்கிறது. காட்டுத்தடத்தில் வேறு தொல்லை: முன்சக்கரம் சின்னக் கல்லுக்கெல்லாம் துள்ளுகிறது, வளைவில் பக்கவாட்டில் நழுவுகிறது, பயத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே போகிறேன்.

என் எடை 74 கிலோ, சைக்கிள் 11. டயர் 38 மிமீ, உள்ளே டியூப். காற்றழுத்தம் இரண்டிலும் 60 பிஎஸ்ஐ, வாங்கும்போது அடித்துக் கொடுத்த அளவு, அதையே இன்றுவரை வைத்திருக்கிறேன். சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர். சேர்ந்து ஓட்டும் ஒருவர் முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுக்கலை உள்வாங்கும் கவை, போடச் சொல்கிறார். இன்னொருவர் 45 மிமீ டயர் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார், ஃபிரேமில் 45 வரை போகும். எதில் கை வைக்கட்டும்? இந்தச் சுற்றை விட மனமில்லை. விடியலில் தண்ணீர் மேல் பனி படர்ந்து நிற்கும், கரையில் என் டயர் ஜல்லியை அரைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்காகத்தான் போகிறேன்.


இரட்டைத்தடம் எழுதியது:

எதையும் வாங்காதீர்கள், முதலில் காற்றை இறக்குங்கள். 74 கிலோ ஆளுக்கு 38 மிமீ டயரில் 60 என்பது தார்ச்சாலைக் கணக்கு. டியூப் இருக்கும்போது முன்னால் 36, பின்னால் 40 என்ற அளவை நோக்கி வாருங்கள். பின்சக்கரத்தில்தான் எடை அதிகம் விழுகிறது, அதனால் இரண்டிலும் ஒரே அளவு அடிப்பதே தப்பு.

காரணம் எளிது. இறுகிய டயர் ஒரு கூழாங்கல்லில் ஏறும்போது அது அமுங்காது, நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோவும் அந்தக் கல்லின் உயரத்துக்குத் தூக்கிப் போடப்படுகிறீர்கள். அடுத்த கல், அதற்கடுத்த கல். இந்தக் குலுக்கலுக்கு ஆகும் சக்தியும் உங்கள் காலிலிருந்துதான் போகிறது, போய்ச் சேரும் இடம் உங்கள் கையும் தோளும் முதுகும். காற்று குறைந்தால் டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், சைக்கிள் நேராகப் போகும். காற்று கூடக் கூட வேகம் கூடும் என்பது வழுவழுப்பான தளத்துக்கு மட்டும்தான் ஓரளவு பொருந்தும். பொடிஜல்லியில் 60 போட்டுக்கொண்டு நீங்கள் வேகத்தையும் இழக்கிறீர்கள், கையையும் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

ஒரேயடியாக இறக்க வேண்டாம். கரையில் எப்போதும் போகும் ஒரு 2 கிலோமீட்டர் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50, 45, 42, 39 என்று இறக்கி ஒவ்வொரு முறையும் அதே துண்டை ஓட்டுங்கள். ஏதோ ஒரு அளவில் ஹேண்டில்பாரில் இருந்த அந்தக் கிறுகிறு நடுக்கம் சட்டென்று அடங்கும், நீங்களே உணர்வீர்கள். இன்னும் கீழே போனால் வளைவில் டயர் நெளிவது இடுப்பில் தெரியும், ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்கும். அங்கிருந்து 3 ஏற்றி நிறுத்துங்கள். டியூப் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும், பாம்பு கடித்த தடம் போல. அப்படி விழுந்தால் அளவு உங்களுக்குக் குறைவு என்று அர்த்தம்.

இன்னொன்று, பம்பில் இருக்கும் மீட்டர் 160 வரை காட்டுவதாக இருந்தால் 35, 40 போன்ற அளவில் அதன் முள்ளை நம்பாதீர்கள். என் பம்பு 5 பிஎஸ்ஐ தப்பாகக் காட்டியது தெரியாமல் ஒரு வருடம் ஓட்டினேன். குறைந்த அழுத்தம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று தனியாக இருந்தால் இந்த விளையாட்டெல்லாம் அர்த்தமுள்ளதாகும்.


பாலத்துக்குப்பாலம் எழுதியது:

காற்று விஷயம் சரிதான், ஆனால் அது பாதி. "சமதரையில் இவ்வளவு வலிக்குமா" என்று கேட்டீர்களே, சமதரை என்பதால்தான் வலிக்கிறது. மேடு பள்ளமான பாதையில் ஏறும்போது எழுந்து மிதிப்பீர்கள், இறங்கும்போது பெடலை நிறுத்திப் பின்னால் தள்ளி நிற்பீர்கள், நீங்கள் நினைக்காமலே உடம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கரையில் அதற்கு வழியே இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் கொஞ்ச தூரத்திலேயே தளர்ந்துவிடும். உங்கள் வேகத்தில் 35 கிலோமீட்டருக்கு 1 மணி 50 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால் 8,800 சுற்று, எல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே கோணத்தில், கையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு. எந்த உடம்பு தாங்கும்?

சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப் போனால் அது அல்னார் நரம்பு. முழங்கையின் உள்பக்கமாக வந்து உள்ளங்கையின் சுண்டு விரல் ஓரத்தில் இறங்குகிறது, ஹேண்டில்பாரில் எடையைப் போட்டு ஊன்றும் இடம் சரியாக அதுதான். அதனால் கேள்வி, ஏன் கையில் இவ்வளவு எடை விழுகிறது? முதலில் சைக்கிளைச் சமமான தரையில் நிறுத்தி சீட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நீங்கள் நாள் முழுக்க முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அந்த வழுக்கலைத் தடுப்பது உங்கள் உள்ளங்கை. வலிக்கிறது என்று மூக்கை இறக்கிவிடுபவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சீட் உயரம் கூடுதலாக இருந்தாலும் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், உட்காரும் எலும்பு இருக்கும் இடம் சீட்டில் உரசிக்கொண்டே இருக்கும். கால் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் பழக்கம். கால்வாயில் பாலங்கள் வந்துகொண்டே இருக்கும் இல்லையா, நான் அதைத்தான் கடிகாரமாக வைத்திருக்கிறேன். பாலம் வந்தால் ஒரு கியர் கனமாக்கி, எழுந்து நின்று இருபது மிதி. உட்காரும்போது கையை வேறு இடத்தில் வைக்க வேண்டும்: பிரேக் கொம்பில் (ஹேண்டில்பாரில் பிரேக் பிடி பொருத்திய மேடான இடம்) இருந்தால் நேரான மேல் கம்பிக்கு, அங்கிருந்து கம்பி கீழே வளையும் கீழ் வளைவுக்கு. மணிக்கட்டு மடங்காமல், முழங்கை கொஞ்சம் மடங்கி. முதல் வாரம் செயற்கையாக இருக்கும், மூன்றாவது வாரம் பாலத்தைப் பார்த்ததும் உடம்பு தானாக எழுந்துவிடும். இதையெல்லாம் செய்தும், சைக்கிளை விட்டு இறங்கி மறுநாள் வரை மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, டயரில் இருக்கும் காற்று அல்ல, எதிரே வருவது. காற்று எதிர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். திறந்த கரையில் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் 19 அல்ல, 15 வந்தாலே நல்ல வேலைதான், மீட்டரைப் பார்த்து மனம் தளர வேண்டாம். போகும்போது காற்றுக்கு எதிராகவும் திரும்பும்போது காற்றோடும் வருமாறு சுற்றைத் திருப்பிப் போடுங்கள்.


வேரடி எழுதியது:

காட்டுத்தடம் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே பயப்படுவதற்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பிரேக்கைப் பிடித்தபடியே போவது. வளைவில் முன்சக்கரத்துக்குத் தரையோடு இருக்கும் பிடிப்பு கொஞ்சம்தான். அதில் பாதியைப் பிரேக் தின்றுவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது, நழுவும். வளைவுக்கு முன்னாலேயே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, அதன் மேல் எடை. பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, 10, 15 மீட்டர் தள்ளி நீங்கள் போக நினைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பார்க்கும் கல்லில்தான் சக்கரம் போய் ஏறும், இது எல்லோருக்கும் நடப்பது.

கையைக் கீழ் வளைவில் வையுங்கள். தார்ச்சாலையில் இருந்து வருகிறவர்கள் அதை வேகமாகப் போவதற்கான இடம் என்று நினைத்துக் கரடுமுரடில் மேலேயே பிடித்திருப்பார்கள். ஆனால் குலுங்கும் தடத்தில் பிரேக் கொம்பில் இருந்து கை வழுக்கிப் போகும். கீழே பிடித்தால் கை உள்ளே மாட்டிக்கொள்ளும், ஒரே விரலால் பிரேக் போதும், எடையும் தாழ்வாக வரும். பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது, சைக்கிள் உங்களுக்குக் கீழே கொஞ்சம் ஆடட்டும்.

இரட்டைத்தடத்தில் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்குப் போக வேண்டும் என்றால், நடுப்புல்லின் ஓரத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு ஏறப் பார்க்காதீர்கள். அந்த ஓரம் மண்வரப்பு போல இருக்கும், முன்சக்கரம் அதிலேயே வழுக்கி ஓடும், நீங்கள் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும். கொஞ்சம் வேகம் குறைத்து, முடிந்தவரை குறுக்காகத் திருப்பி, முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி ஏறுங்கள். ஈரமான வேரும் அப்படித்தான், நேர்க்குறுக்காகத் தாண்ட வேண்டும், அதன் மேல் இருக்கும்போது பிரேக்கும் கூடாது, திருப்பலும் கூடாது. மணல் வந்தால் உள்ளே நுழைவதற்கு முன்பே கியரை இலகுவாக்கி, எடையைப் பின்னால் தள்ளி, விடாமல் மிதியுங்கள். முன்சக்கரம் தன் போக்கில் கொஞ்சம் அலையும், அலையட்டும்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் உங்கள் சுற்றுக்கு வேண்டாம். 60ல் 45 கிலோமீட்டர் கரை, அந்த எடையை அத்தனை தூரம் சும்மா சுமப்பீர்கள். 


முள்வேலி எழுதியது:

45 மிமீ டயர் சொன்னவரை நான் முழுசாக மறுக்க மாட்டேன், ஆனால் ஃபிரேம் 45 வரை போகும் என்பதும் 45 போட்டால் சேற்றில் சுற்றும் என்பதும் வேறு வேறு. இரண்டு பக்கமும் 5, 6 மிமீ இடைவெளி இல்லையென்றால் மழை நாளில் களிமண்ணும் சருகும் சேர்ந்து சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும், கல் மாட்டினால் ஃபிரேமைச் சுரண்டும். அகலமான ரிம்மில் டயர் எழுதியிருப்பதைவிட ஒன்றிரண்டு மிமீ பெருத்தும் இருக்கும். இப்போது இருப்பது தேய்ந்த பிறகு 42 போடுங்கள், நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் பொத்தான் பொத்தானாகவும் இருக்கும் வகை. கரையில் ஓடும், காட்டில் பிடிக்கும்.

நான் வலியுறுத்துவது டியூப்லெஸ்: உள்ளே டியூப் இல்லாமல், துளையை அடைக்கும் சீலன்ட் என்ற திரவம் ஊற்றிய டயர். கரையோர வேலிகளை வெட்டும் பருவம் வந்தால் புரியும். வெட்டியவை பாதையில்தான் விழும், அதில் பாதி முள். ஒரு காலையில் வீட்டுக்கு வந்து பின்டயரைத் துடைக்கும்போது எண்ணினேன், 11 முள். ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க வெள்ளையாக சீலன்ட் ஒரு துளி எட்டிப் பார்க்கும், சக்கரத்தைச் சுற்றித் துளை கீழே வருமாறு வைத்தால் அடைத்துக்கொள்ளும். வழியில் நான் ஒரு தடவைகூட இறங்கவில்லை. டியூப்பாக இருந்தால் அன்று அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருப்பேன். டியூப்லெஸ் என்றால் அழுத்தத்தையும் இன்னும் 4, 5 இறக்கலாம், நசுங்க டியூப்பே கிடையாது.

ஆனால் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். கூர்க்கல் கிழித்தால் அதனால் அடைக்க முடியாது, அதற்குக் கிழிசலில் செருகும் ரப்பர் திரி வேண்டும். அமெரிக்காவில் கான்சஸ் பக்கம் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தில் ஃபிளின்ட் என்ற கூர்க்கல் டயரைக் கத்தி போலக் கிழிக்கும், 200 மைல் ஓட வருகிறவர்கள் திரியை எட்டும் இடத்தில் வைத்திருப்பது அதனால்தான். மரம் வெட்டும் இடத்தில் புதிதாகக் கொட்டும் உடைகல்லும் கிட்டத்தட்ட அதே ஜாதி. கூடவே ஒரு டியூப்பும் எடுத்துப் போங்கள். அதைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் தடவிப் பார்க்க மறக்க வேண்டாம், சீலன்ட் அடைத்து வைத்த பழைய முள் எல்லாம் உள்ளே நீட்டிக்கொண்டு காத்திருக்கும்.


இரட்டைத்தடம் எழுதியது:

முள் நிறைந்த கரை என்றால் டியூப்லெஸ்ஸை ஒத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் வாரம் ஒரு தடவை ஓட்டுகிறவருக்கு அந்தப் பராமரிப்பு தேவையில்லை என்பது என் கருத்து. சரியான காற்றில் நல்ல டியூப், பையில் இன்னொன்று, ஒட்டுப் போடும் சாமான். முதலில் இருப்பதை வைத்து ஒரு மாதம் ஓட்டட்டும்.


கரைவழி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகச் செய்தேன், எது வேலை செய்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

முதல் வாரம் காற்று மட்டும். 42ல் அந்த நடுக்கம் குறைந்தது, 38ல் அடங்கியே போனது. இப்போது முன்னால் 37, பின்னால் 41. மரப்பு 25க்குப் பதிலாக 40வது கிலோமீட்டரில் வந்தது. இரண்டாவது வாரம் ரசமட்டம் வைத்தேன், சீட்டின் மூக்கு கண்ணுக்கே தெரியும் அளவு இறங்கியிருந்தது, நான்தான் ஆரம்பத்தில் வலிக்கிறது என்று இறக்கியிருக்கிறேன். நிமிர்த்தினேன். பாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்றேன், என் கரையில் 35 கிலோமீட்டரில் 22 பாலம். மூன்றாவது வாரம் மரப்பு வரவில்லை. எலும்பு வலி இன்னும் கடைசிப் பத்தில் இருக்கிறது, பரவாயில்லை.

காட்டில் கீழ் வளைவைப் பிடித்ததும் வேறு சைக்கிள் போல இருந்தது. பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் ஒரு வளைவில் பிரேக்கை விட்டுப் பார்த்தேன், அது தானாகத் திரும்பியது.

இன்னொரு கேள்வி. பழைய கல்பாலங்களுக்குக் கீழே பாதை மிகவும் ஒடுங்குகிறது, ஈரமாக இருக்கிறது, எதிரே ஆள் வருவது தெரிவதில்லை. போன வாரம் நடந்து வந்த ஒருவரை இரண்டு அடியில் பார்த்து நிறுத்தினேன், கால் ஊன்றிய பக்கம் தண்ணீர். தடுமாறிப் பிழைத்தேன்.


மதகடி எழுதியது:

பாலத்துக்கு இருபது மீட்டர் முன்னாலேயே மணி அடித்து, நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும், வெயிலில் இருந்து உள்ளே போகும்போது எதிரே இருப்பவர் உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்க்க மாட்டீர்கள். ஆள் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், பத்து மீட்டர்தானே. நிற்கும்போது எப்போதும் கரைப்பக்கக் காலை ஊன்ற வேண்டும், பாலம் வருவதற்கு முன்பே அந்தக் காலைப் பெடலில் இருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் போடுகிறவர்கள் நீளக் கம்பைப் பாதைக்குக் குறுக்கே பின்னால் இழுப்பார்கள், தூரத்திலேயே குரல் கொடுங்கள், எடுத்துத் தருவார்கள். அவர்களும் அதே அமைதிக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

பாதை ஏன் அங்கே ஒடுங்குகிறது என்றால், பல பழைய கால்வாய்களில் அது சைக்கிளுக்கும் நடைக்கும் போட்டதே அல்ல. படகைக் கயிறு கட்டி இழுக்கும் குதிரை நடக்கப் போட்டது, குதிரை போகும் அளவு இடம் விட்டுப் பாலம் கட்டினார்கள். நமக்குக் கிடைக்கும் சமதரையும் அந்தப் படகுகளால் வந்ததுதான். தண்ணீர் நிற்க வேண்டும் என்பதால் தரையைத் தட்டையாக்கி, உயரம் மாறும் இடத்தில் மட்டும் லாக், அதாவது இரண்டு பக்கமும் கதவு வைத்துத் தண்ணீரை ஏற்றி இறக்கும் தொட்டி, கட்டிப் படகை ஏற்றினார்கள். அமெரிக்காவின் செசபீக் ஒஹாயோ கால்வாய்க் கரை 297 கிலோமீட்டர், அதில் 74 லாக், மொத்தம் ஏறுவது 184 மீட்டர்தான். சரிவு வருவது லாக்கை ஒட்டித்தான், சின்னதாக, செங்குத்தாக, பெரும்பாலும் ஈரமாக. அங்கே மட்டும் கியரை முன்கூட்டி மாற்றுங்கள். பிரான்சில் 1681ல் திறந்த மிடி கால்வாயின் கரையில் பல இடங்களில் வரிசையாகப் பிளேன் என்ற பெரிய நிழல்மரங்கள், அதனால் சமதரையிலும் வேர் பாதையைத் தூக்கி விட்டிருக்கும். சமம் என்றால் வழுவழுப்பு என்று அர்த்தமில்லை.

உங்கள் பாலம் குதிரைக் காலத்துக் கல்பாலமாக இருந்தால் ஒரு நாள் இறங்கி, தண்ணீர்ப் பக்க மூலைக்கல்லைத் தடவிப் பாருங்கள். ஈரக் கயிறு வருடக்கணக்கில் உரசி உரசிக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கும்.


கரைவழி எழுதியது:

இன்று காலை இறங்கிப் பார்த்தேன். நாலு பள்ளம் இருக்கிறது, ஒன்றன் கீழ் ஒன்றாக, உள்ளே கண்ணாடி போல வழுவழுவென்று. இத்தனை தடவை பக்கத்தில் போயும் கவனித்ததில்லை. என் சுண்டு விரல் சரியாக அதில் பொருந்துகிறது, கல் எவ்வளவு குளிர்ச்சி என்று அந்த விரலுக்கு நன்றாகவே தெரிந்தது.